யாகப்பர் எழுத்துக்கு ஒரு பொன்னாடை

தமிழினம் தன் வரலாற்றில் இதுவரை செய்யத் தவறிய மாபெரும் கடமையொன்று, ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தைந்தாம் ஆண்டு பங்குனி மாதம் இருபத்துநாலாந் திகதி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, மன்னார்ப் பட்டினத்தில், இரண்டு மின்விசிறிகளில் ஒன்று சுற்றக்கூடிய மண்டபமொன்றில் நிறைவேற்றப்படவிருந்தது. தமிழ் அச்செழுத்தின் மறக்கப்பட்ட பிதாமகர் அமரர் யாகப்பர் அன்று நினைவுகூரப்படுவார். அவருடைய திருவுருவப்படம் திரைநீக்கம் செய்யப்படும். அவர் செதுக்கிய எழுத்துகளின் வடிவச் சிறப்புப் பற்றி, மன்னார் மாவட்ட மொழி, மரபு, அச்சுக்கலை மீட்பு மாமன்றத்தின் தலைவரும் இளைப்பாறிய கல்வி அதிகாரியுமான திரு. க. சிங்கராசா ஒன்றரை மணித்தியாலம் ஆய்வுரை ஆற்றுவார். தேநீர் உண்டு.

தேநீரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சிங்கராசா தன் கைப்பட எழுதியிருந்தார். தேநீர் அவருடைய மனைவி பரமேஸ்வரி சேர்த்தது. ஒன்றரை மணித்தியாலத்தைக் கண்டபிறகு அந்த மனுசிக்கு வேறு வழி தெரியவில்லை.

மாமன்றத்துக்குச் செயலாளரும் சிங்கராசாதான். உறுப்பினர் ஒருவர் இருந்தார், சிங்கராசாவின் மருமகன். அவர் கொழும்பில் வேலை.

இந்த அறிவித்தலை யாகப்பருடைய மகள் செலீனா தன் கையாலேயே அச்சுக் கோர்த்துக்கொண்டு நின்றாள். மன்னாரில் இருந்த நாலு அச்சகங்களில் ஆகச் சின்னது அவளுடையதும் புருசன் பெனடிக்ற்றுடையதும். முன்னறையில் கால்மிதி மிசின் ஒன்று, எழுத்துப் பெட்டிகள், கட்டித் தொங்கவிட்ட மரண அறிவித்தல்கள். பின்னறையில் படுக்கை, அதற்குப் பின்னால் குசினி. மிசினை மிதிப்பது பெனடிக்ற். எழுத்துக் கோர்ப்பது அவள். பதினாலு வயசில் அப்பாவிடம் பழகின கை, கண் பார்க்கமுன்னமே எழுத்தை எடுத்துவிடும்.

சிங்கராசா வாசலோரக் கதிரையில் குடையை முழங்காலுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டு இருந்தார். வெளியே வெயில் வெள்ளையாய் நின்றது. காற்று ஒரு பொட்டும் இல்லை. மீன்சந்தைப் பக்கமிருந்து கருவாட்டு வாடை வந்து மை வாடையோடு சேர்ந்து நின்றது.

"தலைப்புப் பெருசா வரவேணும் பிள்ளை. 'பிதாமகர்' இன்னும் பெருசா."

"ஓம் ஐயா."

அச்சுக் கோர்க்கிறவர்கள் விசயத்தை வாசிப்பதில்லை, எழுத்தைத்தான் பார்ப்பார்கள். அதனால் அந்த வரி அவளுக்கு முழுதாய் விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. 'சிறப்பு விருந்தினர்: இராணுவ முகாம் பொறுப்பதிகாரி, கப்டன்' வரை கோர்த்துவிட்டு, கை அப்படியே நின்றுவிட்டது.

"ஐயா... முகாம் கப்டனும் வாறாரோ?"

"வாறார். கூட்டம் வைக்கிறதெண்டா அனுமதி எடுக்க வேணுமெல்லே? போனன். போன இடத்தில விசயத்தை விளங்கப்படுத்தினன். மனுசன் அப்பிடியே அசந்துபோனான்."

"என்னத்தை விளங்கப்படுத்தினீங்கள்?"

"உன்ர அப்பாட எழுத்தைத்தான்! ஒரு கலைஞன் செதுக்கின எழுத்து அவன்ர கைரேகை மாதிரி, எந்தக் கடுதாசியில கண்டாலும் இது இன்னார்ட எழுத்து, இன்ன இடத்தில அடிச்சது எண்டு சொல்லிப்போடலாம் எண்டு சொன்னன். அவன் பொக்கற்றுக்குள்ள இருந்து கொப்பியை எடுத்து எழுதினான் பிள்ளை! முப்பத்திநாலு வருசம் படிப்பிச்சனான், நான் சொன்னதை ஒரு மாணவன் எழுதி நான் கண்டது இதுதான் முதல்தரம்."

செலீனாவின் கையில் இருந்த அச்சுக்கோல் விழுந்தது. 'சிறப்பு விருந்தினர்' ஈய எழுத்துகளாய் நிலமெல்லாம் சிதறினார்.

அவள் குனிந்து பொறுக்கினாள். நிமிர அவளுக்கு நேரம் எடுத்தது.

விசயம் இதுதான். பதினாறு நாளைக்கு முன்னம், பகல் பன்னிரண்டு மணிக்கு, சைக்கிளில் இயக்கப் பெடியள் இரண்டு பேர் வந்து கதவைச் சாத்தினார்கள். ஐந்நூறு துண்டுப்பிரசுரம் வேண்டும் என்றார்கள். ஏலாது என்று சொல்லக்கூடிய ஆக்கள் இல்லை. தலைப்பில் 'எச்சரிக்கை' என்று இருக்க வேண்டும், தூரத்தில் நின்று பார்த்தாலும் தெரியவேண்டும். ஈயத்தில் இருந்த பெரிய எழுத்தெல்லாம் சூசையப்பர் திருநாள் நோட்டீசுக்காகச் சட்டத்தில் கட்டுண்டு கிடந்தது. அதைக் கழற்ற நேரமில்லை. வந்தவர்களில் ஒருவன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். செலீனா அன்றைக்கு அரசாங்கக் கச்சேரி அலுவலகத்துக்கு ஒரு கடிதவேலையாகப் போயிருந்தாள். நின்றது பெனடிக்ற் மட்டும். எவ்வளவு அவசரத்திலும் வேலை சுத்தமாய் இருக்கவேண்டும் என்று நினைக்கிற சாதி அவன். அலுமாரிக்குக் கீழே இருந்த மரப்பெட்டியை இழுத்தான். மாமனார் பாலை மரத்தில் செதுக்கின பெரிய எழுத்து. அதை எடுத்து 'எச்சரிக்கை' என்று கோர்த்தான்.

அந்த எழுத்து உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை.

அடிச்ச பிறகுதான் அவனுக்கு அது உறைத்தது. அடுத்த கிழமை முகாமிலிருந்து ஒரு ஜீப் வந்தது. நாலு அச்சகத்திலும் உள்ள எழுத்து ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி அடித்து வாங்கிக்கொண்டு போனார்கள். சின்ன எழுத்தில் பிரச்சினை இல்லை. நாலு அச்சகமும் ஒரே இடத்தில் வாங்கினதுதான், நாலும் ஒன்றுதான். பெரிய எழுத்தைத்தான் தேடினார்கள். மரப்பெட்டி அப்போது கட்டிலுக்குக் கீழே, நெல்மூட்டைக்குப் பின்னால் கிடந்தது. அன்று முதல் பெனடிக்ற் வாகனச் சத்தம் கேட்டால் வேலையைப் போட்டுவிடுவான். தெருவில் லொறி போனாலும் பின்பக்கம் ஓடுவான். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே கையைக் கழுவுவான்.

"இப்ப ஒரு சின்ன உதவி வேணும் பிள்ளை," என்றார் சிங்கராசா. "ஆய்வுரைக்கு அப்பாட எழுத்தில ஒரு மாதிரி. பெரிய தாளில கீறி மண்டபத்தில தூக்கப்போறன்."

"ஐயா, நீங்கள் அப்பாட எழுத்தைப் பார்த்ததில்லையோ?"

சிங்கராசா குடையை மற்றக் கைக்கு மாற்றினார். "நேரில பார்க்கேல்ல. கோயில் யூபிலி மலரில ஒரு வரி கிடந்தது. 'யாகப்பர் என்பார் மரத்தில் எழுத்துச் செதுக்கினார்' எண்டு. அந்த ஒரு வரியை வைச்சுத்தான் நாப்பத்திரண்டு பக்கம் எழுதியிருக்கிறன்."

"எங்களிட்ட ஒண்டும் இல்லையே ஐயா."

"இல்லாட்டிப் பரவாயில்லை. நான் ஊர் ஊராத் தேடி எடுப்பன். வங்காலையில, பேசாலையில ஆரிட்டயும் பழைய நோட்டீஸ் கிடக்கும். கப்டனும் தான் தேடித்தாறன் எண்டு சொன்னவன்."

செலீனா முகத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்தாள்.

"நில்லுங்கோ ஐயா. அலுமாரிக்குள்ள ஒருக்காப் பார்க்கிறன்."

அவள் குசினிக்குள் போனாள். அங்கே புகை படிந்த சுவரில், சென்னைக் கம்பனி ஒன்றின் கூந்தல் தைலக் கலண்டர் தொங்கியது. முழங்கால் வரை மயிர் வளர்ந்த ஒரு பெண், அவளுக்குக் கீழே 'கூந்தல் செழிக்க' என்று வளைந்து வளைந்து எழுத்து. செலீனா கத்தரிக்கோலை எடுத்தாள். பெண்ணை வெட்டினாள், கம்பனியை வெட்டினாள், 'கூந்தல்' என்பதையும் வெட்டினாள். மிச்சத்தை அடுப்புக்கரியில் கொஞ்சம் தேய்த்துப் பழசாக்கிக்கொண்டு வந்து நீட்டினாள்.

"இதுதான் ஐயா. இது ஒண்டுதான் மிஞ்சினது."

சிங்கராசா இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

"'செழிக்க'! பார் பிள்ளை, அந்த மனுசன்ர மனசை. தமிழ் செழிக்க எண்டு எழுதியிருக்கிறார்." அவர் தாளை நெஞ்சோடு அணைத்தார். "இதை வைச்சு இன்னும் பத்துப் பக்கம் எழுதலாம்."

அவர் போனபிறகு பெனடிக்ற் கதவுக்குப் பின்னால் இருந்து வெளியே வந்தான்.

"கேட்டனீங்களே?" என்றாள் செலீனா.

"கேட்டன். கைரேகை எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கிறான், விசரன். இனி அவன் ஏன் தேடப்போறான் கப்டன்? மண்டபத்தில கதிரையில இருந்துகொண்டு படிக்கப்போறான்."

"அதுக்குத்தான் கலண்டரைக் குடுத்தனான்."

"ஆரும் கண்டுபிடிச்சா?"

"ஆர் கண்டுபிடிக்கிறது? கலண்டரை ஆர் வாசிக்கிறது, திகதியைத்தானே பார்க்கிறது." அவள் கட்டிலடியைப் பார்த்தாள். "பெட்டியை இழுங்கோ."

"என்னத்துக்கு?"

"எரிக்க."

பெனடிக்ற் நெல்மூட்டையில் இருந்துவிட்டான். "மாமாட எழுத்தப்பா அது. கடலுக்குள்ள போடுவம். பாலை தாழும்."

"தாழ்ந்ததை வலை கொண்டுவரும். வலைக்காரன் சந்தைக்குக் கொண்டுவருவான். யாகப்பர்ட எழுத்து எண்டு கூவிக்கூவிக் காட்டுவான். எல்லாத்தையும் எரிச்சாத்தான் நான் நித்திரை கொள்ளுவன்."

பாலை மரம் எரியச் சம்மதிக்கிற மரம் இல்லை. இருபத்தைந்து வருசம் மையும் மண்ணெண்ணெயும் குடித்த பாலை இன்னும் மோசம். முதலில் புகையும், பிறகு சீறும், கடைசியில் மனமில்லாமல் பிடிக்கும். ஒரேயடியாக எரித்தால் ஊரே கூடிவிடும். அதனால் ஒரு சமையலுக்கு ஏழெட்டு எழுத்து என்று செலீனா திட்டம் போட்டாள். பெட்டியில் நூற்றுப் பதினெட்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் முடிக்கவேண்டும். நாளுக்கு மூன்று சமையல்.

முதல்நாள் 'எ', 'ச்', 'ச', 'ரி', 'க்', 'கை' அடுப்புக்குள் போயின. அதுகள்தான் முதலில் போகவேண்டியதுகள். அதில் வெந்தது ஒட்டி மீன் குழம்பு.

"குழம்பில மை மணக்குது," என்றான் பெனடிக்ற்.

"தின்னுங்கோ. முகாமில இதுவும் தராங்கள்."

இரண்டாம் நாள் புட்டு அவித்தாள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு எடித் வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள். எடித்தின் மூக்கு, ஆர் வீட்டில் என்ன மீன் என்று நாலு வளவுக்கு அப்பால் நின்று சொல்லும்.

"செலீனாக்கா, என்னத்தைப் போட்டு எரிக்கிறீங்கள்? தார் றோட்டு மணக்கிற மாதிரிக் கிடக்கு. என்ர மனுசன் இருமிச் சாகிறார்."

செலீனாவின் கையில் அப்போது 'ழ' இருந்தது. அதைச் சீலைக்குள் மறைத்தாள்.

"மிசின் துடைச்ச பழந்துணியடி. விறகு ஈரம்."

"பங்குனியில ஈர விறகோ?"

"பெரியமடுவில இருந்து வந்த விறகு."

"அங்கயும் பங்குனிதானே அக்கா," என்றாள் எடித். இன்னும் கொஞ்சநேரம் மூக்கை விரித்துக்கொண்டு நின்றுவிட்டுத் தலையை எடுத்தாள். செலீனா அன்று முழுவதும் எடித் ஆரோடு கதைக்கிறாள் என்று வேலிப்பொட்டால் பார்த்துக்கொண்டே இருந்தாள். எடித் ரொட்டி விற்கிற பாண்காரனோடு கதைத்தாள். பாண்காரன் முகாமுக்கும் பாண் போடுகிறவன். அந்த இரவு செலீனா கண் மூடவில்லை.

எழுத்துகளை நெருப்புக்குள் வைக்கமுன்னம் ஒருமுறை திருப்பிப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. இருபத்தைந்து வருசம் அந்தப் பெட்டியோடு வாழ்ந்தவள், ஒவ்வொன்றாய்க் கையில் வைத்துப் பார்த்தது இப்போதுதான். அப்பா முதலில் தோணி கட்டுகிற ஓடாவி. துறையில் ஒட்டியிருந்த காற்று எச்சரிக்கை நோட்டீசைச் சின்ன எழுத்தில் இருந்தபடியால் வாசிக்காமல், வங்காலையிலிருந்து ஒரு தோணி கடலுக்குப் போனது. இரண்டு பேர் திரும்பி வரவில்லை. அந்தத் தோணி அப்பா கட்டினது. அதற்குப் பிறகுதான் மனுசன் தோணி உளியால் எழுத்துச் செதுக்கத் தொடங்கியது. மற்ற எழுத்துகளில் மெல்லிசாய் ஓடுகிற கோடுகள் இதில் இல்லை. எல்லாக் கோடும் ஒரே தடிப்பு, தோணியின் விலாவுக்கு வங்கு வைத்ததுபோல. சுழிகளின் உள்வெளியை அகலமாய்த் தோண்டியிருந்தார், உப்புக் காற்றில் மை கசிந்தாலும் கண் அடைபடாது. 'ள'வும் 'ன'வும் இருபது யார் தூரத்துக்கு அப்பால் நின்று பார்த்தாலும் ஒன்றை ஒன்று என்று நினைக்க ஏலாது. இதையெல்லாம் அப்பா அவளுக்குச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. 'ன'வை அடுப்புக்குள் வைத்து ஊதினாள்.

சனிக்கிழமை மத்தியானம் பெட்டியும் எரிந்து முடிந்தது. சாம்பலைக் கிணற்றடி வாழைக்குப் போட்டாள்.

ஆகவே பாராட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாத நிலையில், ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா குறித்த நேரத்துக்கு முக்கால் மணித்தியாலம் பிந்தித் தொடங்கியது. முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். சுற்றுகிற மின்விசிறிக்குக் கீழே இருபத்தாறு பேர், மற்றதுக்குக் கீழே ஐந்து பேர். முன்வரிசையில் கப்டன், மடியில் தொப்பி, பின்னால் துவக்கோடு இரண்டு சிப்பாய். யாகப்பருடைய படம் ஒன்றும் கிடைக்காதபடியால் சிங்கராசா ஒருவரைக் கொண்டு கீறுவித்திருந்தார். திரையை இழுத்தபோது, மீசை வைத்த சிங்கராசா சபையைப் பார்த்தார்.

செலீனாவுக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. சிங்கராசா இளைப்பாறியபோது அவருக்குப் போர்த்தினது. பூச்சி உருண்டை வாசம் இன்னும் போகவில்லை. அவள் அந்த வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டு கப்டனுக்கு நாலு கதிரை தள்ளி இருந்தாள். பக்கத்தில் பெனடிக்ற். அவனுடைய முழங்கால் ஆடியதில் அவளுடைய கதிரையும் ஆடியது.

"காலை அமத்துங்கோ."

"அமத்தேலாது. அது தன்ர பாட்டில ஆடுது."

மேடையில் ஆளுயரத் தாளில் 'செழிக்க' தொங்கியது. சிங்கராசா பிரம்பால் தொட்டுத் தொட்டு விளக்கினார். தமிழில் ஒருமுறை, கப்டனுக்காக ஆங்கிலத்தில் ஒருமுறை.

"இந்தச் சுழியை நோக்குங்கள். இதனை எந்தச் சென்னைப் பட்டறையாவது செய்யக்கூடுமா? ஒருபோதும் முடியாது! இது மன்னார்க் கடலின் அலை. இந்த மண்ணில் பிறந்தவனுக்கன்றி வேறெவனுக்கும் இந்த வளைவு கைவராது."

சபையில் பாதிப்பேருடைய குசினியில் அந்த அலை தொங்கிக்கொண்டிருந்தது. செலீனா ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தாள். எவரும் அசையவில்லை. கலண்டரில் மயிரைப் பார்த்தவர்கள், திகதியைப் பார்த்தவர்கள். கப்டன் மட்டும் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தான்.

ஒன்றரை மணித்தியாலம் இரண்டு மணித்தியாலமாகி முடிகிற நேரத்தில் இரண்டாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. வெள்ளைத் தொப்பி, சாரம், கக்கத்தில் பொலித்தீன் பைக்குள் சுருட்டின ஒரு தாள். செலீனா அப்போதுதான் ஆளைக் கண்டாள். பெரியமடு அபூசாலி, ஊரார் மரியாதையாய்க் 'காக்கா' என்று கூப்பிடுகிறவர். எழுபது வயசு. அப்பாவுக்கு மரம் கொடுத்தவர்.

"தலைவர் ஐயா, ரெண்டு நிமிசம் எனக்கும் பேசத் தருவீங்களா?"

"பேசுங்கோ, பேசுங்கோ! மக்கள் குரலும் ஒலிக்கவேணும்."

அபூசாலி மேடைக்கு ஏறவில்லை. நின்ற இடத்திலேயே பேசினார்.

"நான் படிச்சவன் இல்ல. மரக்காரன். யாகப்பண்ணனுக்குப் பாலை அரிஞ்சு குடுத்த ஆள். எழுத்துச் செதுக்கினா அவர் என்ன செய்வார் தெரியுமா? என்னயத் தோணியில ஏத்திக் கடலுக்குள்ள விட்டுருவார். அவர் கரையில நிண்டு ஒவ்வொண்டாத் தூக்கிப் புடிப்பார். என்ன எழுத்தெண்டு நான் அங்கயிருந்து கத்தோணும். மூண்டாம் வகுப்பு நான்! படிச்ச மனுசனுக்குக் காட்டினா ஊகிச்சுச் சொல்லிருவான், நீதான்டா எனக்குச் சரி எண்டுவார். நான் பிழையாச் சொன்னா அந்த எழுத்து சரியில்ல. திருப்பிச் செதுக்குவார். 'க' மட்டும் ஒம்பது தரம். வெயிலில எனக்குத் தோல் உரிஞ்சு போச்சு."

சபை சிரித்தது. கப்டன் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன என்று கேட்டான்.

"அதால ஒண்டு சொல்லோணும், குறை நினைக்காதீங்க ஐயா. அந்தா தொங்குறது யாகப்பண்ணன்ட எழுத்தில்ல. அவர்ட எழுத்து இதுதான்."

பைக்குள் இருந்து தாளை எடுத்து விரித்தார். பழுத்த தாள், நாலு மூலையிலும் ஆணித்துளை. நடுவில் கறுப்பாய், இரண்டு விரல் உயரத்தில்: புயல் எச்சரிக்கை.

செலீனாவுக்கு முதலில் காது அடைத்தது. பெனடிக்ற்றின் முழங்கால் ஆட்டத்தை நிறுத்திவிட்டது. எரித்த எழுத்து அத்தனையும் எழும்பி வந்து மண்டபத்தின் நடுவில் நின்றதுபோல இருந்தது. இரண்டாவது சொல்லை மட்டும் வெட்டி அந்தத் துண்டுப்பிரசுரத்தின்மேல் வைத்தால் மயிரளவும் விலகாது. கப்டன் எழுதுவதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

அவள் எழும்பியது அவளுக்கே தெரியவில்லை. பொன்னாடை வழுகிக் கதிரையில் விழுந்தது.

"காக்கா, அது அப்பாட இல்லை."

"என்ன மகள் சொல்றா? இது எண்ட வீட்டுச் சுவத்தில இருபது வருசமா..."

"அது இந்தியாவில இருந்து எடுப்பிச்ச எழுத்து காக்கா. அப்பா செதுக்கேல்ல. அந்தா தொங்குதே, அதுதான் அப்பாட." அவள் மேடையைக் கைகாட்டினாள். "அப்பாக்கு உவ்வளவு வடிவாச் செதுக்க வராது."

அபூசாலி அவளைப் பார்த்தார். அவருடைய முகம் முதலில் கோபப்பட்டது, பிறகு நொந்தது. வாயைத் திறந்தார். அந்த நேரம் பெனடிக்ற்றின் முகம் அவருடைய கண்ணில் பட்டது. வேர்வையில் நனைந்து, வாய் பிளந்து, செத்த மீன்போல. அதிலிருந்து அவருடைய பார்வை மெதுவாய்க் கப்டனுக்கும், கப்டனுக்குப் பின்னால் நின்ற துவக்குகளுக்கும் போய்த் திரும்பியது.

"ஓம் மகள்," என்றார். "வயசு போயிருச்சு. நான்தான் மாறிப்போட்டன். யாகப்பண்ணன்ட எழுத்து இப்பிடி இல்லதான்."

தாளைச் சுருட்டத் தொடங்கினார். அத்தோடு முடிந்திருக்கும். சிங்கராசா விடவில்லை. நாற்பத்திரண்டு பக்க ஆய்வு சபை நடுவில், யாகப்பருடைய சொந்த மகளாலேயே நிரூபிக்கப்பட்டுவிட்டது. இப்படியொரு சந்தர்ப்பம் ஒரு ஆய்வாளனுக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் வரும்.

"சுருட்டாதேயுங்கோ! சுருட்டாதேயுங்கோ! மேலே வாருங்கோ! அன்பான சபையோரே, மூலத்துக்கும் போலிக்கும் இடையிலான வேறுபாட்டைக் கண்கூடாகக் காணும் பாக்கியம் எமக்குக் கிடைத்திருக்கிறது. அபூசாலி அவர்களே, உங்கள் தாளைச் 'செழிக்க'வுக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடியுங்கோ. இன்னும் உயர. கப்டன், பிளீஸ், கிட்ட வந்து பாருங்கள்."

அபூசாலி மேடையில் ஏறி, கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கப்டன் தொப்பியைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பிப் போனான். முதலில் 'செழிக்க'வைப் பார்த்தான். பிறகு மற்றதைப் பார்த்தான். கிட்டப் போய் ஒரு விரலால் 'எ'வின் வளைவைத் தொட்டான். சிங்கராசா பிரம்பை நீட்டி, இந்தக் கோடு தடிப்பு, இந்தக் கண் அகலம், இந்தச் சுழி தட்டை, ஆகவே கலைநயமற்றது என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாய் எண்ணிக்கொண்டு போனார். யாகப்பருடைய எழுத்தை எப்படி அடையாளம் காணலாம் என்று உலகத்தில் முதல்முறையாக ஒருவர் பிழையில்லாமல் விளக்கினார்.

செலீனா நின்றபடியே மனசுக்குள் 'அருள் நிறைந்த மரியே' சொல்லத் தொடங்கினாள். பாதியில் மறந்து போனது. திரும்பத் தொடங்கினாள். அதுவும் மறந்து போனது.

கப்டன் தலையை ஆட்டினான். கொப்பியில் ஒரு வரி எழுதினான். வந்து இருந்தான்.

பரமேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

சனம் எழும்பிக் கதிரைகளை இழுத்த சத்தத்துக்குள் அபூசாலி செலீனாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கையில் ஒரு மாரி பிஸ்கற். அதைத் தின்னவில்லை.

"மகள், இதை நான் என்ன செய்ய?"

"எரிச்சுப்போடுங்கோ காக்கா."

"மத்ததெல்லாம்?"

"எரிச்சிட்டன்."

"பொட்டியுமா?"

"ஓம்."

அபூசாலி பிஸ்கற்றைத் தேநீர்க் கோப்பைத் தட்டில் வைத்தார். "நல்ல பாலை," என்றார். "எரிஞ்சிருக்காதே லேசில."

"ஒரு கிழமை எடுத்தது."

அவர் தாளை நாலாய், எட்டாய் மடித்து இடுப்பு பெல்ற்றுக்குள் செருகினார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடிக்காமலே போனார்.

மறுபக்கத்தில் சிங்கராசா கப்டனைப் பிடித்துவைத்திருந்தார்.

"எப்படி கப்டன், எங்கள் ஆய்வு?"

கப்டன் தேநீரை ஊதிக் குடித்தான். மரியாதையான பெடியன், இருபத்தெட்டு வயசிருக்கும். "மிகவும் நன்றாக இருந்தது சேர்," என்றான் ஆங்கிலத்தில். "ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. உங்கள் எழுத்தெல்லாமே வட்டம் வட்டமாய் ஒரே மாதிரித்தானே. எங்களிடம் உள்ள கடுதாசிகளோடு வைத்துப் பார்த்தாலும் எனக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை."

சிங்கராசாவின் முகம் கறுத்தது. முப்பத்திநாலு வருசத்தில் கிடைத்த ஒரே மாணவன்.

பெனடிக்ற் செலீனாவின் கையைப் பிடித்தான். கல்யாணம் முடித்தபிறகு பத்துப்பேர் முன்னால் அவன் அவளுடைய கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

"விளங்கிச்சுதா? எல்லாம் ஒண்டுதானாம்! வித்தியாசம் தெரியாதாம்!"

"மெல்லக் கதையுங்கோ."

"வட்டம் வட்டமாம்!"

வீட்டுக்கு வருகிற வழியில் அவன் இரண்டு முறை நின்று சிரித்தான். வழியில் சந்தையடியில் மிஞ்சிக் கிடந்த சூடை மீனை வாங்கினான். செலீனா அதைத் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தாள். விறகு நல்ல விறகு, புகையே இல்லை. எடித் வேலியால் எட்டிப் பார்த்து, "இண்டைக்கு மணக்கேல்ல அக்கா," என்றாள்.

"துணி முடிஞ்சுதடி," என்றாள் செலீனா.

பெனடிக்ற் ஜீப் வந்த நாளுக்குப் பிறகு முதல்தரமாக இரண்டாம் முறை சோறு கேட்டான். தெருவில் லொறி ஒன்று போனது. அவன் எழும்பவில்லை. மீன்முள்ளைச் சூப்பிக்கொண்டே, "பாவம் மாமா," என்றான், "அவ்வளவு மினக்கெட்டுச் செதுக்கியும் அந்தாளுக்கு வித்தியாசம் தெரியேல்லையே." சொல்லிவிட்டுத் திரும்பவும் சிரித்தான். செலீனாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கையில் அவளுக்கு அழுகை வந்தது, அவன் அதைச் சிரிப்பென்றே நினைத்தான். அவள் பாயை விரித்துவிட்டு, ஒன்பது மணிக்கே படுத்து நித்திரையாகிப் போனாள்.

எழுத்தெல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தபடியால், கப்டன் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து மன்னாரில் இருந்த நாலு அச்சகக்காரரையும் ஏற்றிக்கொண்டு போனான்.